அந்தக் கட்டடம் ஒல்லாந்தர் கட்டினது இல்லங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல கொழும்பு பெட்டாவுல இருக்கிற பழைய டவுன்ஹோல் பத்தியும், அதோட ஒட்டி நிக்கிற எடின்பரோ மார்க்கெட் மண்டபத்தப் பத்தியும் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீங்க. நுவரெலியாப் பக்கத்துல எங்க கந்தப்பளைக்கு பேப்பர் வந்து சேர பதினோரு மணி ஆகும், டவுன்ல சலூனுக்கு ஒண்ணு ரொட்டிக் கடைக்கு ஒண்ணுன்னுதான் வரும், நான் ரொட்டிக் கடையில ஒரு பிளேன்டீய சொல்லிட்டு உக்காந்து ரெண்டு தடவ வாசிச்சேன், டீ ஆறிப் போச்சு. மொத தடவ வாசிக்கிறப்ப சந்தோசம், ரெண்டாந் தடவ கொஞ்சம் கோவம். அதான் இந்தக் கடிதம். நான் எழுத்தாளன் எல்லாம் இல்ல, பேத்தியோட போன்ல ஒரு விரலால தட்டித் தட்டி எழுதுறேன், பேசுற மாதிரியேதான் வரும், பிழை இருந்தா நீங்க திருத்திக்கோங்க, ஆனா விசயத்த மட்டும் வெட்டிறாதீங்க.

மொதல்ல பிழைய சொல்லிறேன். கட்டுரையில அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் கட்டடம்னு போட்டிருக்கு. இல்லங்க. அது வெள்ளக்காரன் காலத்துல 1873ல கட்டினது. பொதுவேலை இலாகாவுல ஆர்க்கிடெக்டா இருந்த ஜே. ஜி. ஸ்மித்தர்ங்கறவர்தான் பிளான் போட்டது, 1877ல தொறந்த கொழும்பு மியூசியமும் அதே ஆளோட கைதான். மியூசியம் பாக்க வெள்ளவெளேர்னு அரண்மனை மாதிரி இருக்கும், டவுன்ஹோல் வேற ஜாதி, கூரான வளைவும் ஜன்னலுமா தேவாலயம் மாதிரி இருக்கும், கோதிக்னு சொல்லுவாங்க. ஒல்லாந்தர் போய் முக்கா நூற்றாண்டு கழிச்சு வந்த கட்டடத்த அவங்க கணக்குல எழுதினா எப்படி? பெட்டாவுல பழசா எதப் பாத்தாலும் ஒல்லாந்தர்னு சொல்லுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அதுல உங்க கட்டுரைக்காரரும் மாட்டிக்கிட்டார்னு நெனைக்கிறேன்.

அவங்க விட்டுட்டுப் போனது அந்தப் பக்கத்துல இல்லாம இல்ல. அந்த முனைக்கு கேமன்ஸ் கேட்னு பேரு, கேமன்னா முதலையாம், கோட்டை அகழியில முதலை விட்டு வச்சிருந்தாங்கன்னு நான் சின்ன வயசுல பெட்டாவுல வேலை செஞ்ச கடை முதலாளி கதை சொல்லுவாரு. அங்க தனியா ஒரு மணிக் கூண்டு நிக்கும், அதுல தொங்குற மணி ஒல்லாந்தருக்கும் முந்தினது, கோட்டேயில போர்த்துக்கீசர் கட்டின கோயில்ல இருந்ததுன்னு சொல்லுவாங்க. பெட்டாவுக்கே ஒல்லாந்தர் வச்ச பேரு அவங்க பாஷையில "பழைய நகரம்"னு வரும். சிங்களத்துல பிடகொடுவ, தமிழ்ல புறக்கோட்டை, ரெண்டுக்கும் கோட்டைக்கு வெளியன்னு ஒரே அர்த்தம். பெட்டாங்கறது நம்ம பேட்டைதான், வெள்ளக்காரன் வாயில போய்ட்டு வந்ததால கொஞ்சம் நெளிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

1865ல வந்த சட்டத்துலதான் கொழும்புக்கு மாநகர சபை கெடச்சுது, அதே சட்டத்துல அதே வருசம் நம்ம கண்டிக்கும் கெடச்சுது. சபைன்னு ஒண்ணு வந்தா கூட ஒரு மண்டபம் வேணும், ஊர் ஜனத்துக்கு சாமான் வாங்க விக்க ஒரு எடம் வேணும், அதனாலதான் டவுன்ஹோலும் மார்க்கெட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. மேல சபை, பக்கத்துல சந்தை. இப்ப யாராவது நகர சபைக் கட்டடத்துக்குப் பக்கத்துல மீன் வெட்ட விடுவானா? அந்தக் காலத்துல அது கௌரவக் குறைச்சல் இல்ல போல. எடின்பரோங்கற பேருக்கு உங்க கட்டுரையில விளக்கம் இல்ல. விக்டோரியா ராணியோட ரெண்டாவது மகன் அல்ஃபிரட், எடின்பரோ கோமகன், அவரு 1870ல இலங்கைக்கு வந்தாரு, யானை வேட்டை அது இதுன்னு ஊரே அமர்க்களப்பட்டுச்சு. இந்தப் பேரெல்லாம் அந்தப் பரபரப்புக்குப் பின்னால வந்த பேருங்க.

இனி எனக்குக் கோவம் வந்த எடம். கட்டுரையில ஒரு வரி இருக்கு, "கொழும்பு வர்த்தகர்களின் செல்வத்தால் எழுந்த மண்டபம்"னு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சபை வரிக் காசுலதான் கட்டியிருப்பாங்க, வரி கட்டினது யாவாரிங்கதான், சரி. அந்த யாவாரிங்க கையில 1873ல அவ்வளவு காசு எப்படிப் பொரண்டுச்சு? அத ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?

கோப்பிங்க. அந்த நேரம் தேயில இன்னும் பிஞ்சு, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல 1867லதான் போட ஆரம்பிச்சாரு. மலை பூரா கோப்பிதான். 1870 வாக்குல வருசத்துக்கு 10 கோடி இறாத்தலுக்கு (பவுண்டுக்கு) மேல கோப்பி இந்தத் தீவ விட்டு கப்பல் ஏறிப் போச்சு. கண்டிக்கு 1867ல ரயில் வந்ததே கோப்பி மூட்டைய எறக்கத்தான், நம்மள மாதிரி ஆளுங்க சீட்டுல உக்காந்து போக இல்ல. அதுக்கு முந்தி மாட்டு வண்டியில கடுகண்ணாவை எறக்கத்துல நாள் கணக்கா எறக்குவாங்க, மழைன்னா சில்லு சேத்துல புதைஞ்சு அங்கயே கெடக்கும். அந்தக் கோப்பிய நட்டது, புடுங்கினது, காய வச்சது, மூட்டை கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? தமிழ்நாட்டுல இருந்து வந்து மன்னார்க் கரையில எறங்கி, தம்புள்ள வழியா காட்டுப் பாதையில மாத்தளைக்கு நடந்தே வந்தவங்க. வழியில காய்ச்சல்லயும் பேதியிலயும் விழுந்தவங்க எத்தன பேர்னு கணக்கே இல்ல. 2023ல நம்ம ஜனம் வந்து 200 வருசம்னு, மலையகம் 200னு சொல்லி தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து போனாங்களே, நானும் கடைசி நாள் மாத்தளையில போய் நின்னேன், அந்தப் பாதைதான்.

1869ல மடுல்சீமைப் பக்கம் கோப்பி எலையில மஞ்சள் துரு மாதிரி ஒரு நோய் விழுந்துச்சு. டவுன்ஹோலுக்கு கல்லு அடுக்கினப்ப நோய் மலையில பரவ ஆரம்பிச்சாச்சு, ஆனா விலை நல்லா இருந்ததால பெரிய ஆளுங்க யாரும் கவலைப்படல. அதுக்கப்புறம் பத்துப் பதினஞ்சு வருசத்துல கோப்பி படுத்துப் போச்சு, துரைமார் பாதிப் பேரு மூட்டை கட்டிட்டான். அந்த மண்டபம் நல்ல காலத்தோட நுனியில நின்னு கட்டினது, எனக்கு அதப் பாக்கிறப்பெல்லாம் அந்த நெனப்புதான் வரும்.

நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னா அந்த மண்டபத்த நான் பன்னெண்டு வயசுல பாத்தேன். 1974. பஞ்ச காலம். தோட்டத்துல ரேசன் கொறஞ்சு போச்சு, வேலை நாளும் கொறஞ்சு போச்சு, அரிசிய ஒரு மாவட்டத்துல இருந்து இன்னொரு மாவட்டத்துக்கு கொண்டு போனா ரோட்டுல மறிச்சுப் புடுங்குவான், எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) மரவள்ளியும் கீரையும்தான் அடுப்புல ஏறுச்சு, அதுவும் எல்லா நாளும் ஏறாது. அந்த வருசங்கள்ல தோட்டங்கள்ல பசியில ஆளுங்க செத்தாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். எங்க பெரியப்பா பெட்டாவுல நாட்டாமை வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு, "பையன அனுப்புங்க, சோறாவது திம்பான்"னு ஆளு மூலமா சொல்லி அனுப்பினாரு, நானுஓயாவுல ராத்திரி மெயில்ல ஏத்தி விட்டாங்க. (எங்க கந்தப்பளைக்கே ஒரு காலத்துல சின்ன ரயில் ஓடுச்சு, நானுஓயாவுல இருந்து இராகலை வரைக்கும், எங்க தாத்தா அதுல போயிருக்காரு, நான் பொறக்க முந்தியே தண்டவாளத்தப் புடுங்கிட்டாங்க. அத இன்னொரு நாள் எழுதுறேன்.)

நாட்டாமைன்னா உங்க இந்திய வாசகர்களுக்கு ஊர்த் தலைவரு, ஆலமரத்தடியில சொம்போட உக்காந்து தீர்ப்பு சொல்லுறவரு. பெட்டாவுல நாட்டாமைன்னா மூட்டை தூக்குறவரு. இந்தச் சொல்லு எப்படி இப்படித் தலைகீழா ஆச்சுன்னு யாராவது படிச்சவங்க சொன்னா நல்லா இருக்கும். சிங்கள ஆளுங்களும் நாட்டாமின்னுதான் கூப்பிடுவாங்க. தலையில சும்மாடு, கையில இரும்புக் கொக்கி, இடுப்புல சாரத்த மடிச்சுக் கட்டி, ஒடம்புல சட்டை இல்லாம, "பார, பார"ன்னு கத்திக்கிட்டு அந்த நெரிசலுக்குள்ள மனுசன் ஓடுற ஓட்டத்த நீங்க பாக்கணும். ரெண்டு பேரு மூட்டையத் தூக்கி இவரு முதுகுல வைப்பாங்க, இவரு குனிஞ்ச தலைய நிமித்தாமயே போவாரு, ரோடு அவருக்குக் காலாலதான் தெரியும். பெரியப்பாவுக்கு கழுத்துக்குக் கீழ முதுகுல ஒரு மேடு இருந்துச்சு, மாட்டுக்குத் திமில் மாதிரி, சின்னப் பிள்ளையா இருந்தப்ப நாங்க அதத் தொட்டுப் பாப்போம். அவரு சிரிப்பாரு.

நான் நாலாம் குறுக்குத் தெருவுல ஒரு பலசரக்கு மொத்தக் கடையில பொடியனா சேந்தேன். கடை பேரு வேணாம். அந்தக் காலத்துல பெட்டாக் கடைகள்ல பொடியன்னா பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைங்கதான், ஹட்டன், பதுளை, பூண்டுலோயா, எல்லா எடத்துலயும் இருந்து வந்திருந்தாங்க, சோறு போட்டு படுக்க எடம் குடுத்தா போதும், சம்பளம் ஊருக்கு மணியோடர்ல போகும், சில வேளை போகாது. கடை சாத்துறப்ப ராத்திரி எட்டரை ஆயிரும். கடைக்குள்ள மொளகா நெடி, தூங்க முடியாது, அதனால நாங்க ரெண்டு மூணு பொடியங்க எழும்பி மெயின் ஸ்ட்ரீட்ட ஒட்டி நடந்து கேமன்ஸ் கேட் வரைக்கும் போவோம். பகல்ல அந்த முனையில கால் வைக்க எடம் இருக்காது, ராத்திரியில வேற ஊரு மாதிரி ஆயிரும், கைவண்டிய நிமித்தி வச்சு அதுக்கடியில நாட்டாமைங்க படுத்திருப்பாங்க, யாராவது ஒருத்தர் பீடி குடிச்சுக்கிட்டு ஊர்க் கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு. அங்க மார்க்கெட் மண்டபத்து இரும்புத் தூண் எல்லாம் எவ்வளவு குளிரா இருக்கும்னு தெரியுமா? கொழும்பு வேக்காட்டுல அந்த ஒரு எடத்துலதான் எனக்கு கந்தப்பளை ஞாபகம் வரும். கன்னத்த வச்சுக்கிட்டு நிப்பேன். பெரியப்பா கூப்பிட்டு "ஏண்டா அழுவுற"ம்பாரு, நான் அழலன்னு சொல்லுவேன்.

அந்த மண்டபத்த வெளிய இருந்து பாத்தா கல்லு கட்டடத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய கொட்டகை மாதிரி தெரியும், சுவரு கெடையாது, வார்ப்பு இரும்புத் தூணுதான் கூரையத் தாங்குது. அந்தக் காலத்து ரயில் ஸ்டேசன் பாத்தவங்களுக்கு ஒடனே புரியும், ரெண்டும் ஒரே காலத்து வேலை. காத்து உள்ள வரணும், நாத்தம் வெளிய போகணும், தண்ணி ஊத்திக் கழுவினா ஓடிரணும், அதுக்காகத்தான் அப்படி. எனக்கு அந்தக் கல்லு கட்டடத்த விட இந்தக் கொட்டகைதான் அழகு, உங்க கட்டுரையில இதுக்கு ரெண்டே வரி குடுத்திருக்கீங்க.

நாட்டாமைங்களப் பத்தி இன்னொண்ணு. 1920கள்ல கொழும்புல ஏ. ஈ. குணசிங்க தொழிலாளர் சங்கம் கட்டினப்ப ஹார்பர்ல வண்டியில மூட்டையில வேலை செஞ்ச ஆளுங்கள்ல நம்ம ஆளுங்க நெறைய. கோ. நடேசய்யர் அப்ப குணசிங்கவோட சேந்து வேலை செஞ்சவரு, பின்னால குணசிங்க இந்தியத் தொழிலாளிக்கு எதிராப் பேச ஆரம்பிக்க பிரிஞ்சு, மலைப் பக்கம் வந்து ஹட்டன்ல இருந்துக்கிட்டு 1931ல தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஆரம்பிச்சாரு. தோட்டத்துக்குள்ள வெளி ஆளு போக முடியாத காலம் அது. நம்ம பிள்ளைங்களுக்கு நடேசய்யர்னா ஹட்டன்தான் தெரியும், அதுக்கு முன்னால அவரு கொழும்புத் தெருவுல தொழிற்சங்கம் பழகினவர்ங்கறது தெரியாது. மலையகத்துக்கும் கொழும்புக்கும் நடுவுல கோப்பி மூட்டை மட்டும் போய் வரல, இதுவும்தான் போய் வந்துச்சு.

அப்புறம் சபை 1928ல கறுவாத் தோட்டப் பக்கம் புது டவுன்ஹோலுக்குப் போயிருச்சு, பார்க்குக்கு முன்னால வெள்ளையா குமிழி வச்சுக் கட்டினாங்களே அது. பெட்டாக் கட்டடம் கைவிட்ட பெரிய வீடு மாதிரி ஆயிருச்சு. நான் பாத்த காலத்துல காரை பேந்து, ஜன்னல்ல புறா, அவ்வளவுதான். பிரேமதாச பிரதமரா இருந்தப்ப 80கள்ல அதத் திருத்தி மியூசியமா ஆக்கினாங்க, அவரு அந்தப் பக்கத்து ஆளு, மத்திய கொழும்பு எம்பி, அந்தத் தெருவோட அருமை தெரிஞ்சவரு. நல்ல வேலை, அத மறுக்க முடியாது.

நான் அத அப்பப் பாக்கல. 83 ஜூலை கலவரத்துல நான் வேலை செஞ்ச கடை எரிஞ்சுது. ஆடித் திருவிழாவுக்கு லீவு கேட்டு ஊருக்கு வந்திருந்ததால நான் இருக்கேன். அதப் பத்தி வேற ஒண்ணும் எழுத விரும்பல. பெரியப்பா ரெண்டு மாசம் கழிச்சு வந்தாரு, கையில அந்தக் கொக்கி மட்டும் இருந்துச்சு. அவரு திரும்பப் போகல, நானும் போகல. கூப்பன் தரிசுன்னு ஒரு துண்டு மலைச் சரிவு கெடச்சுது, அதுல கரட்டும் லீக்ஸும் போட ஆரம்பிச்சோம்.

போன வருசம் பேத்தி ஸ்கூல் டிரிப்புக்குப் பதிலா நானே கூட்டிட்டுப் போறேன்னு கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனேன். மிருகக்காட்சி சாலை, கடல், அப்புறம் என் ஆசைக்கு பெட்டா. டவுன்ஹோலுக்குள்ள பழைய ஸ்டீம் ரோலர், மெசினு, பழைய சாமான் எல்லாம் வச்சிருக்காங்க. மேல மாடியில பெரிய மேசையச் சுத்தி அந்தக் காலத்து சபை மெம்பர்மாரு ஆளு உயரத்துக்கு பொம்மையா உக்காந்திருக்காங்க, கோட்டும் தாடியுமா, கூட்டம் நடக்குற மாதிரியே. பேத்தி ஒவ்வொருத்தரையா பாத்துட்டு, "தாத்தா, இதுல நீங்க சொன்ன பெரிய தாத்தா எங்க?"ன்னு கேட்டுச்சு. நான் கீழ பாரு, ரோட்டுல போறாங்கன்னு ஜன்னல்ல காட்டினேன். உண்மையாவே ஒருத்தர் வெங்காய மூட்டையோட போய்க்கிட்டு இருந்தாரு.

நான் யாரையும் குறை சொல்லல. அந்தப் பொம்மை அழகா செஞ்சிருக்காங்க. ஆனா பக்கத்துல, அந்த இரும்புத் தூண் மண்டபத்துல, ஒரே ஒரு நாட்டாமைக்கு ஒரு பொம்மை வச்சா என்ன? தலையில சும்மாடு, கையில கொக்கி. கொக்கி வேணும்னா எங்க வீட்டுல இருக்கு, குடுக்குறேன். கீழ மூணு பாஷையிலயும் ஒரு பலகை, கோப்பிக் காசு எங்க இருந்து வந்துச்சு, மூட்டைய யாரு எறக்கினாங்கன்னு. உங்க பேப்பர் எழுதினா பெரிய ஆளுங்க பாப்பாங்க, நான் எழுதினா ரொட்டிக் கடைக்காரர்தான் பாப்பாரு.

இன்னொரு பிழை. கடைசிப் பத்தியில மெனிங் மார்க்கெட்டையும் இதையும் ஒண்ணாக் கொழப்பியிருக்கீங்க. மெனிங் மார்க்கெட் வேற, அது ஒல்கொட் மாவத்தைப் பக்கம் இருந்துச்சு, மெனிங்னு ஒரு கவர்னரு 1918ல இருந்து 1925 வரைக்கும் இருந்தாரு, அவரு பேரு. நாங்க மரக்கறி அனுப்பினதெல்லாம் அங்கதான். சாயந்தரம் ஏழு மணிக்கு கந்தப்பளையில லொறி கெளம்புனா நுவரெலியா, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளைன்னு எறங்கி ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்குப் போய் நிக்கும், நான் கிளீனரோட முன்னால உக்காந்து போவேன், கித்துல்கல தாண்டினதும் ஸ்வெட்டரக் கழட்டுவேன். விடியுறதுக்குள்ள வித்தாகணும், காலையில வெயில் ஏறினா லீக்ஸ் தொங்கிரும், கோவா எலை மஞ்சளாயிரும், முதலாளி சொல்லுறதுதான் விலை. சிட்டையில கமிசன் கழிப்பாங்க, நாட்டாமைக் கூலி கழிப்பாங்க, சாக்குக்குன்னு எடையில கழிப்பாங்க, கழிவுன்னு அதுக்கும் மேல கழிப்பாங்க, கைக்கு வர்றத மடிச்சு வைக்க பெரிய பொக்கட் தேவையில்ல. நாட்டாமைக் கூலிய மட்டும் நான் எப்பவும் பேரம் பேசாமக் குடுத்திருக்கேன்.

நுவரெலியா மரக்கறியும் வெள்ளக்காரன் கதையாத்தான் சொல்லுவாங்க. சாமுவேல் பேக்கர்னு ஒருத்தர் 1848ல ஆளு, மாடு, வெதை எல்லாம் கொண்டாந்து நுவரெலியாவுல பண்ணை போட்டாரு, அது சரி. அதுக்கப்புறம் 170 வருசத்துக்கு மேல அந்த மலைச் சரிவுல மண்ணக் கொத்தி கல்லு பொறுக்கினது பேக்கர் இல்லையே. 70கள்ல வெளிநாட்டுக் கெழங்கு வர விடாம தடுத்தப்ப உருளைக்கெழங்கு போட்டவன் கல்லு வீடு கட்டினான், தோட்டத்துல பசியில கெடந்த அதே வருசங்கள்லதான், அந்தப் பக்கம் கெழங்கு மொதலாளி, இந்தப் பக்கம் கஞ்சிக்கு வழியில்லாத லயம், நடுவுல ஒரு கம்பி வேலிதான்.

1999ல தம்புள்ளயில பொருளாதார மையம் வந்துச்சு, நம்ம மரக்கறியில ஒரு பங்கு அந்தப் பக்கம் திரும்பிருச்சு. 2020ல கொரோனா வந்து எல்லாம் இழுத்து மூடினாங்களே, அந்தக் கையோட நவம்பர்ல மெனிங் மார்க்கெட்ட பேலியகொடைக்கு மாத்திட்டாங்க. புது எடம் விசாலம், லொறி திருப்ப எடம் இருக்கு, மழைக்கு நனையாது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பெட்டா நாட்டாமையில பாதிப் பேரு பேலியகொடை போகலன்னு சொல்லுறாங்க, போனவங்களுக்கும் பஸ்ஸுக் காசு வேற. எடம் மாறுறப்ப கடைக்காரருக்குக் கடை நம்பர் இருக்கும், நாட்டாமைக்கு என்ன நம்பர்? மண்டபத்துக்கு வரலாறு எழுதுறப்ப இந்தக் கேள்வியையும் கேட்டிருந்தா நான் ரெண்டாந் தடவ வாசிச்சப்பவும் சந்தோசமா இருந்திருப்பேன்.

நீளமாப் போயிருச்சு. ஒரே ஒரு உதவி. கட்டுரையோட போட்டிருந்த பழைய போட்டோ, மண்டபத்துக்கு முன்னால மாட்டு வண்டி நிக்கிறது, அதுல இடது பக்க ஓரத்துல ஒரு ஆளோட முதுகும் காலும் மட்டும் தெரியுது, தலைய நீங்க வெட்டிட்டீங்க, அளவுக்குப் பத்தலன்னு வெட்டியிருப்பீங்க. அது எங்க பெரியப்பா இல்ல, தெரியும், போட்டோ அவரு பொறக்க முந்தினது. ஆனா குனிஞ்சு நிக்கிற நெலையப் பாத்தா மூட்டை ஏத்த நிக்கிற மாதிரிதான் இருக்கு. வெட்டாத முழுப் படம் உங்ககிட்ட இருந்தா ஒரு பிரதி அனுப்ப முடியுமா? தபால் செலவ நான் அனுப்பிறேன். அந்த ஆளு தலையில சும்மாடு இருக்கான்னு பாக்கணும்.

இப்படிக்கு,
பழைய கடைப் பொடியன் ஒருத்தன்,
கந்தப்பளை.